ஒரு மரபணுவும் ஒரு வகுப்புத் தோழனும்

(பி.எஸ்ஸி. விலங்கியல், 1982–85 அணி)

மலர்க்குழுச் செயலாளர் போன் செய்து, "சார், நீங்க ஏதாவது எழுதணும். ஆனா பழைய ஹாஸ்டல் கதை வேண்டாம், அது நிறைய வந்துடுச்சு. இப்ப படிக்கிற பசங்களுக்கும் பிரயோஜனப்படற மாதிரி விஞ்ஞானமா இருந்தா நல்லது" என்றார். முப்பத்து மூன்று ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஆராய்ச்சியாளன் அல்ல. ஆனாலும் பல ஆண்டுகளாக ஒரு மரபணுவின் வரலாற்றை விடாமல் படித்து வருகிறேன். காரணம் விஞ்ஞான ஆர்வம் மட்டும் அல்ல. நம் வகுப்பில் படித்த ஒருவன். எனவே செயலாளர் மன்னிக்க வேண்டும். விஞ்ஞானத்தை எழுதினாலும் பழைய கதையில்தான் தொடங்கியாக வேண்டியிருக்கிறது.

எங்கள் மூன்றாம் ஆண்டு கருவியல் செய்முறை வகுப்பு பலருக்கும் நினைவிருக்கும். அடைகாத்து நாற்பத்தெட்டு மணி நேரம் ஆன கோழி முட்டையை உடைத்து, கருவை நோகாமல் வெட்டியெடுத்து, வெதுவெதுப்பான உப்புக் கரைசல் ஊற்றிய வாட்ச் கிளாசில் மிதக்க விட வேண்டும். "டேய், மஞ்சள் கரு உடைஞ்சா போச்சு. மெதுவா... மெதுவா..." என்று பேராசிரியர் முதுகுப் பக்கம் நின்று கொண்டிருப்பார். பத்துப் பேரில் எட்டுப் பேர் உடைத்து விடுவோம். அவன் மட்டும் ஒரு நாளும் உடைத்ததில்லை. லென்ஸ் வழியே பார்த்தால் கடுகளவு இதயம் துடிப்பது தெரியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் கேட்டான்:

"சார், இதயத்துக்கும் கண்ணுக்கும் ஒரே டி.என்.ஏ.தானே? அப்புறம் எது சொல்லி இது இதயமாகுது, அது கண்ணாகுது?"

பேராசிரியர் சிரித்தார். "அது யாருக்கும் தெரியாதுப்பா. கண்டுபிடிச்சா எனக்கும் ஒரு கார்டு போடு" என்றார்.

தேர்வு முடிந்து பிரிந்த சில மாதங்களில் அவனுக்கு விரையில் ஒரு கட்டி. வலி இல்லை. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் கூடச் சொல்லவில்லை. ஊரில் யாரோ ஒருவர் ஓதம் என்று சொல்லிப் பத்துப் போட்டிருக்கிறார். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அறுவை செய்து எடுத்த கட்டியைப் பரிசோதித்த அறிக்கையில் குருத்தெலும்பு, தோல், மயிர்க்கால், அவற்றோடு வேகமாகப் பெருகும் புற்றுநோய்ச் செல்கள் என்று எழுதியிருந்தது. நுரையீரல் இரண்டிலும் பரவியிருந்தது. "ஆறு மாசம் முன்னாடி வந்திருக்கலாமே தம்பி" என்றாராம் டாக்டர். 1986-ல் அவன் போய்ச் சேர்ந்தான். அவன் பெயரை இங்கே நான் எழுதவில்லை. எங்கள் அணியினர் அறிவார்கள்.

விரையில் வந்த கட்டிக்குள் குருத்தெலும்பும் மயிர்க்காலும் எப்படி வந்தன? அந்தக் கேள்விக்கும் கோழிக்கரு வகுப்பில் அவன் கேட்ட கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கட்டிக்குள் ஒரு கரு

இப்படிப்பட்ட கட்டிக்கு டெரட்டோமா என்று பெயர். பல் முளைத்த கட்டி, முடி வளர்ந்த கட்டி என்று பழைய காலத்து மருத்துவர்கள் பயந்து எழுதி வைத்தது இதைத்தான். கிரேக்கத்தில் 'டெராஸ்' என்றால் அசுரப் பிறவி.

1953-ல் அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பர் என்னும் ஊரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் லிராய் ஸ்டீவன்ஸ் என்ற இளைஞர் வேலைக்குச் சேர்ந்திருந்தார். சிகரெட்டின் எந்தப் பாகம் கெடுதல் செய்கிறது என்று எலிகளில் பார்ப்பது அவருக்குக் கொடுத்த வேலை. பணம் கொடுத்தது ஒரு புகையிலைக் கம்பெனி. '129' என்ற எலி வகையில் ஓர் ஆண் எலியின் விரை வீங்கியிருப்பதை அவர் கவனித்தார். அறுத்துப் பார்த்தால் உள்ளே பலவகைத் திசுக்கள். அந்த வகையில் ஏறக்குறைய நூறு ஆண் எலிக்கு ஒன்றுக்கு இப்படி வந்தது. சிகரெட் ஆராய்ச்சி பின்னுக்குப் போயிற்று. ஸ்டீவன்ஸ் அதன்பின் தம் வாழ்நாள் உழைப்பை இந்தக் கட்டிகளுக்கே கொடுத்தார்.

1964-ல் கிளைன்ஸ்மித், பியர்ஸ் என்ற இருவர் இன்னும் ஒரு படி போனார்கள். இந்தக் கட்டியிலிருந்து ஒரே ஒரு செல்லை எடுத்து வேறொரு எலிக்குள் வைத்தார்கள். அந்த ஒற்றைச் செல்லிலிருந்தே நரம்பும் தசையும் குருத்தெலும்பும் கொண்ட முழுக் கட்டி வளர்ந்தது. ஆக, கட்டியின் நடுவில் 'எதுவாகவும் ஆகக்கூடிய' ஒருவகைச் செல் இருக்கிறது. அதற்குக் கருப் புற்றுச் செல் என்று பெயர். 1970-ல் ஸ்டீவன்ஸ் எலியின் இளங்கருவை எடுத்து வளர்ந்த எலியின் விரைக்குள் வைத்துப் பார்த்தார். கரு இடம் மாறியதும் கட்டியாயிற்று. 1970-களின் நடுவில் வேறு சிலர் தலைகீழாகச் செய்தார்கள்: கட்டியின் செல்லை எலியின் இளங்கருவுக்குள் செலுத்தினார்கள். அது ஒழுங்காகக் கலந்து, குட்டியின் உடம்பில் நல்ல திசுவாயிற்று.

இளங்கருவின் செல்லும் இந்தப் புற்றுநோய்ச் செல்லும் அண்ணன் தம்பி என்று அப்போதுதான் தெளிவாயிற்று. அப்படியானால் கட்டியை விட்டுவிட்டு நல்ல கருவிலிருந்தே நேராக இந்தச் செல்லை எடுத்து வளர்க்கலாமே? 1981-ல் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவன்சும் மாத்யூ காஃப்மனும், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் கெயில் மார்ட்டினும் அதைச் செய்து முடித்தார்கள். 'கரு ஸ்டெம் செல்' என்ற பெயரை வைத்தவர் கெயில் மார்ட்டின். மனிதக் கருவிலிருந்து இதே செல்லை ஜேம்ஸ் தாம்சன் 1998-ல் வளர்த்தார்.

இன்று விளம்பரத் தட்டிகளில் நாம் பார்க்கும் 'ஸ்டெம் செல்' என்ற சொல்லின் பூர்வீகம், ஓர் எலியின் வீங்கிய விரை. நம் தோழனின் நோயும் அதே வம்சம்.

எட்டெழுத்தைப் பிடிக்கும் புரதம்

செல் கிடைத்துவிட்டது. 'எதுவாகவும் ஆகலாம்' என்ற நிலையில் அதை நிறுத்தி வைப்பது எது?

டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துகளில் எழுதிய நீண்ட ஏடு. அதில் ஏ-டி-ஜி-சி-ஏ-ஏ-ஏ-டி என்ற எட்டெழுத்துத் தொடர் பல மரபணுக்களுக்கு அருகே சுவிட்சு போல அமைந்திருக்கிறது. எட்டு உறுப்பு என்பதால் அதற்கு ஆக்டமர் என்று பெயர். இந்தத் தொடரைப் பிடித்துக்கொண்டு அருகிலுள்ள மரபணுவை இயக்கும் அல்லது அடக்கும் புரதங்களுக்கு 'ஆக்ட்' என்று பெயரிட்டு வரிசை எண் கொடுத்தார்கள். ('ஆக்ட்-4' என்றதும் என் மாணவன் ஒருவன் "அன்னிக்கு என்ன சார் விசேஷம்?" என்று கேட்டான். அக்டோபருக்கும் இதற்கும் 'எட்டு' என்ற பொருள் மட்டும்தான் பொது.)

1989–90-ல் மூன்று குழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒரே புரதத்தின் மேல் முட்டிக்கொண்டன. ஜெர்மனியின் கோட்டிங்கனில் பீட்டர் குரூஸ் ஆய்வகத்தில் ஹான்ஸ் ஷோலர். ஜப்பானில் ஹிரோஷி ஹமாடாவின் குழு. அமெரிக்காவில் லூயிஸ் ஸ்டாட்டின் குழு. ஷோலர் ஆக்ட்-4 என்றார். மற்ற இருவரும் ஆக்ட்-3 என்றார்கள். இரண்டும் ஒன்றே. சண்டை வேண்டாம் என்று பலர் 'ஆக்ட்-3/4' என்றே எழுதினார்கள். மரபணுவின் அதிகாரபூர்வப் பெயர் பி.ஓ.யு.5.எஃப்.1. மனிதரில் அது ஆறாவது குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. புரதம் 360 அமினோ அமிலம் நீளம். பெரியதும் இல்லை, சிறியதும் இல்லை.

அது எங்கே இருந்தது, எங்கே இல்லை என்பதுதான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. இளங்கருவில் இருந்தது. கரு ஒரு பந்தாகித் திரளும்போது, வெளிச்சுவர்ச் செல்கள் நஞ்சுக்கொடியாகப் போகின்றன. உள்ளே ஒட்டியிருக்கும் சிறு திரள்தான் குழந்தையாகப் போகிறது. ஆக்ட்-4 அந்த உள் திரளில் நின்றது, வெளிச்சுவரில் மறைந்தது. பிறகு உடம்பின் உறுப்புகள் உருவாகத் தொடங்கியதும் அங்கெல்லாம் அணைந்து, அடுத்த தலைமுறைக்கான இனச்செல்களில் மட்டும் தொடர்ந்தது. கருப் புற்றுச் செல்லில் நிறைய இருந்தது. அந்தச் செல்லை ரெட்டினாயிக் அமிலம் கொடுத்து வேறு திசுவாக மாறச் செய்தால் காணாமல் போயிற்று.

அளவுக்கு மிஞ்சினால்

இருக்கும் இடம் தெரிந்தால் போதாது, வேலை தெரிய வேண்டும். 1998-ல் ஜெனி நிக்கல்ஸ், ஆஸ்டின் ஸ்மித், ஷோலர் முதலியோர் இந்த மரபணு இல்லாத எலிக் கருக்களை உருவாக்கினார்கள். கரு பந்து வடிவம் வரை வந்தது. ஆனால் உள் திரளில் இருந்த செல்களும் நஞ்சுக்கொடிச் செல்களாகவே போயின. வீட்டைச் சுற்றிக் காம்பவுண்டு எழும்பியது, வீட்டில் குடியிருக்க ஆள் இல்லை. அந்தக் கரு பிழைக்கவில்லை.

2000-ல் ஹிதோஷி நிவா செய்த சோதனையைத்தான் நான் வகுப்பில் பல முறை சொல்லியிருக்கிறேன். ஆக்ட்-4-இன் அளவைக் குழாயைத் திருகுவது போலக் கூட்டவும் குறைக்கவும் ஏற்பாடு செய்தார். குறைத்தால் செல் நஞ்சுக்கொடியின் பக்கம் போயிற்று. இரண்டு மடங்குக்கும் குறைவாகக் கூட்டினாலே போதும், வேறு திசுக்களின் பக்கம் ஓடிற்று. சரியான அளவில் இருந்தால் மட்டுமே 'எதுவாகவும் ஆகலாம்' என்ற நிலை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் வீட்டுக் கிழவிகள் சொன்னதை, செல்லும் தன் பாஷையில் சொல்கிறது. ஆக்ட்-4 தனி ஆளும் அல்ல. சாக்ஸ்-2 என்ற துணைவனோடு ஜோடி சேர்ந்துதான் பல மரபணுக்களைப் பிடிக்கிறது. 2003-ல் நானாக் என்ற இன்னொரு கூட்டாளியும் கண்டறியப்பட்டது.

எலியில் சரி, மனிதரில்? லண்டன் பிரான்சிஸ் கிரிக் நிலையத்தில் கேத்தி நியாகன் குழுவினர், சோதனைக்குழாய்ச் சிகிச்சையில் மிஞ்சி, பெற்றோர் விரும்பிக் கொடுத்த கருக்களில், அரசு அமைப்பின் அனுமதியோடு இந்த மரபணுவை வெட்டிப் பார்த்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. பெரும்பாலான கருக்கள் பந்து வடிவத்தைக்கூடச் சரியாக எட்டவில்லை. எலியைவிட முன்னதாகவே, விரிவாகவே மனிதக் கருவுக்கு இது தேவைப்படுகிறது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்தக் கூடாது என்பது இதில் கிடைத்த இன்னொரு பாடம்.

கடைசி ராங்க்கும் 'தடங்கல்' டாக்டரும்

இந்தப் பகுதியை இன்றைய மாணவர்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும், முக்கியமாக அரியர் வைத்திருப்பவர்கள்.

இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியில் ஜான் கர்டன் என்ற பையன் உயிரியலில் 250 பேரில் கடைசி. இவன் விஞ்ஞானி ஆக நினைப்பது கேலிக்குரியது என்று ஆசிரியர் 1949-ல் அறிக்கை எழுதினார். 1962-ல் அதே கர்டன், தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கிய தவளை முட்டைக்குள் வைத்து, தவளையை வளர்த்த சோதனையை வெளியிட்டார். குடலாகி முடிந்த செல்லிலும் முழு ஏடும் அழியாமல் இருக்கிறது, அதைத் திரும்ப முதல் பக்கத்துக்குப் புரட்ட முடியும் என்று அதற்குப் பொருள். அந்தப் பள்ளி அறிக்கையைச் சட்டம் போட்டுத் தம் அறையில் மாட்டி வைத்திருந்தார். 2025-ல் காலமானார்.

1962-ல் ஜப்பானில் பிறந்த ஷின்யா யமனாகா எலும்பு மருத்துவராகப் பயிற்சி எடுத்தார். அறுவைச் சிகிச்சை கைவரவில்லை. ஜப்பானிய மொழியில் 'ஜமா' என்றால் இடைஞ்சல். மூத்தவர்கள் அவரை 'ஜமனாகா' என்று கேலி செய்தார்களாம். கத்தியை வைத்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தார். முட்டையே இல்லாமல், சில மரபணுக்களை மட்டும் கொடுத்து, வளர்ந்த செல்லைப் பின்னோக்கித் திருப்ப முடியுமா என்று கேட்டார். ஆக்ட்-4 உட்பட 24 மரபணுக்களைப் பட்டியலிட்டார். அவர் மாணவர் கசுதோஷி தகாஹாஷி 24-ஐயும் சேர்த்து எலியின் செல்லுக்குள் செலுத்தினார், திரும்பியது. பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்த்தார். கடைசியில் நான்கு நின்றன: ஆக்ட்-3/4, சாக்ஸ்-2, கே.எல்.எஃப்.-4, சி-மிக். 2006-ல் எலியில், 2007-ல் மனிதரில். தோல் செல் திரும்பவும் 'எதுவாகவும் ஆகலாம்' என்ற நிலைக்கு வந்தது. அதற்கு ஐ.பி.எஸ். செல் என்று பெயர். 2012-ல் கர்டனுக்கும் யமனாகாவுக்கும் சேர்த்து நோபல் பரிசு.

கதை இத்தோடு முடிந்திருந்தால் 'ஆக்ட்-4 இல்லாமல் எதுவும் நடக்காது' என்று நானும் சுலபமாக எழுதிவிடுவேன். விஞ்ஞானம் அப்படி விடாது. 2013-ல் சீனாவில் டெங் ஹோங்குய் குழுவினர் வெளியிலிருந்து மரபணு எதையும் கொடுக்காமல், ரசாயனங்களை மட்டும் கொடுத்து எலிச் செல்லைத் திருப்பினார்கள். 2019-ல், ஆக்ட்-4-ஐக் கண்டுபிடித்த ஷோலரின் ஆய்வகத்திலேயே, செர்ஹி வெலிச்கோ அதை விட்டுவிட்டு மற்ற மூன்றை மட்டும் கொடுத்து எலியில் ஐ.பி.எஸ். செல் செய்தார். வேகம் குறைவு; ஆனால் கிடைத்த செல்களின் தரம் அதிகம். திரும்பி வந்த செல்லுக்குள் அதன் சொந்த ஆக்ட்-4 விழித்துக்கொள்ளத்தான் வேண்டும். வெளியிலிருந்து கொட்ட வேண்டியதில்லை. தான் பெற்ற பிள்ளையின் பெருமையைத் தானே குறைத்துக்காட்ட ஒரு மனிதருக்கு மனம் வந்ததே, அதை நான் நோபலுக்குக் குறைவாக நினைக்கவில்லை.

அதே மரபணு, நோயின் பக்கம்

மீண்டும் நம் தோழனிடம் வருகிறேன்.

அணைய வேண்டிய இடத்தில் அணையாமல் எரிந்தால் இந்த மரபணு என்ன செய்யும்? 2005-ல் வளர்ந்த எலியில் ஆக்ட்-4-ஐ வலிந்து இயக்கினார்கள். குடலிலும் தோலிலும் முதிராத செல்கள் பெருகித் திசு சீர்குலைந்தது. இயக்கத்தை நிறுத்தியதும் சரியாயிற்று. விரையிலும் சினைப்பையிலும் இனச்செல்லிலிருந்து கிளம்பும் சிலவகைப் புற்றுநோய்களில் இந்தப் புரதம் நிறைந்திருக்கிறது. ஆகவே இன்று நோய்க்கூறு மருத்துவர்கள் கட்டித் துண்டுக்கு ஆக்ட்-4 சாயச் சோதனை செய்கிறார்கள். செமினோமா, கருப் புற்று ஆகியவற்றில் செல்லின் உட்கரு பளிச்சென்று சாயம் ஏற்கும். பல்லாகவும் முடியாகவும் மாறிவிட்ட டெரட்டோமாப் பகுதியில் ஏற்காது. நம் தோழனின் அறிக்கையில் இருந்த இரண்டு பகுதிகளையும் இந்தச் சோதனை தனித்தனியே காட்டியிருக்கும். 1986-ல் அந்தப் புரதத்துக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை.

ஆனால் அவனைக் காப்பாற்றும் மருந்து அன்றைக்கே இருந்தது என்பதுதான் என்னைச் சுடுகிறது. 1974-லேயே அமெரிக்காவின் இந்தியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன், சிஸ்பிளாட்டினை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்து, பரவிய விரைப் புற்றைக்கூடக் குணப்படுத்தத் தொடங்கிவிட்டார். இன்று விரைப் புற்று வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். புற்றுநோய்களில் மிக நன்றாகக் குணமாகும் வகைகளில் ஒன்று இது. இளைஞர்களுக்குத்தான் அதிகம் வருகிறது, பதினைந்திலிருந்து நாற்பது வயதுக்குள். நம் தோழனுக்கு எதிரியாக நின்றது மருந்தில்லாமை மட்டும் அல்ல, வெட்கம்.

இன்னொரு எச்சரிக்கை. ஐ.பி.எஸ். செல்லைக் கொண்டு முதல் சிகிச்சை 2014-ல் ஜப்பானின் கோபே நகரில் மசாயோ தகாஹாஷி தலைமையில் நடந்தது. விழித்திரை பழுதான ஒரு மூதாட்டிக்கு, அவர் தோலிலிருந்தே செய்த விழித்திரைச் செல்படலத்தை வைத்தார்கள். பார்வை கூடவில்லை, மேலும் கெடவும் இல்லை. அடுத்த நோயாளியின் செல்லில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதும் நிறுத்திக்கொண்டார்கள். இவ்வளவு கவனம் எதற்கு? மாறாத ஐ.பி.எஸ். செல் கொஞ்சம் கலந்து உடம்புக்குள் போனாலும் அது செய்யக்கூடிய முதல் காரியம் டெரட்டோமாதான். முதலில் சொன்ன அதே கட்டி.

ஆகவே 'ஸ்டெம் செல் போட்டால் சர்க்கரை, பக்கவாதம், மூட்டுவலி எல்லாம் போகும்' என்ற விளம்பரத்தை நம்பி, நிலத்தை விற்றுப் பணம் கட்டாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன: ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற ஏற்கப்பட்ட சிகிச்சை தவிர, மற்ற எதற்கும் முறையான ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் கொடுப்பது தவறு. ஆய்வில் சேருபவரிடம் அதற்குப் பணம் வாங்கவும் கூடாது. நம்பிக்கையே இல்லை என்று சொல்லவில்லை. சீனாவில் முதல்வகை நீரிழிவுள்ள ஒரு பெண்ணுக்கு, அவர் செல்லிலிருந்தே ரசாயன முறையில் உருவாக்கிய கணையத் திட்டுச் செல்களை வைத்ததில், இன்சுலின் ஊசி இல்லாமல் இருக்க முடிந்ததாக 2024-ல் வெளியிட்டார்கள். அது ஒருவர் கதை. நாளைக்குப் பலர் கதையாகலாம். விளம்பரத் தட்டிக்காரர் விற்பது அது அல்ல.

கார்டு

பேராசிரியர் ஓய்வு பெற்று ஊரோடு இருந்தவர், சில ஆண்டுகளுக்கு முன் மறைந்தார். அவருக்கு அவன் போட வேண்டிய கார்டு போடப்படவே இல்லை. அவன் கேட்டதற்கு என்னால் முடிந்த வரையில் இப்போது பதில் எழுதிவிட்டேன். ஏடு ஒன்றுதான் சார். எந்தப் பக்கத்தைத் திறப்பது, எப்போது மூடுவது என்று சொல்ல ஆக்ட்-4 போன்ற புரதங்கள் இருக்கின்றன. முதல் பக்கத்தைத் திறந்து வைப்பது அது, சரியான நேரத்தில் அது விலகினால்தான் கண் கண்ணாகும், இதயம் இதயமாகும், விலகாவிட்டால் கட்டியாகும்.

இப்போது படிக்கிற தம்பிகளுக்கு ஒன்று. இந்த மலரில் என் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை. மாதத்துக்கு ஒரு தடவை குளிக்கும்போது தொட்டுப் பாருங்கள். கெட்டியாக, வலியில்லாமல், புதிதாக ஏதாவது தட்டுப்பட்டால் அந்த வாரமே டாக்டரிடம் போங்கள். சொல்ல வெட்கமாக இருந்தால் அறைத் தோழனைக் கூட்டிக்கொண்டு போங்கள். அறைத் தோழர்களே, கேலி செய்யாமல் கூடப் போங்கள்.

எங்கள் அணி இந்த முறை சந்திக்கும்போது வழக்கம்போல் குரூப் போட்டோ எடுப்போம். பழைய விலங்கியல் செய்முறைக் கூடத்தின் வாசலில் எடுக்கலாம் என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஜன்னல் பக்கத்து மேஜை அவனுடையது.